பேத்திக்கு என்ன பெயர்?

குழந்தை பிறந்த வீட்டில் முதல் பத்து நாட்களுக்கு ஒருவருக்கும் சரியான தூக்கம் இராது. குழந்தை அழுவதால் என்று எண்ணிவிடாதீர்கள். அது பாவம், பாலைக் குடித்துவிட்டுத் தன்பாட்டுக்குத் தூங்குகிறது. பெரியவர்கள்தாம் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு விவாதம் செய்கிறார்கள். விவாதத்துக்கு விஷயம் ஒன்றே ஒன்றுதான்: "என்ன பெயர் வைப்பது?"

நம் பாட்டிமார் காலத்தில் இந்தத் தொந்தரவு அவ்வளவாக இல்லை. பிள்ளையென்றால் தாத்தா பெயர். பெண்ணென்றால் பாட்டி பெயர். காரியம் தீர்ந்தது. 'பேரன்', 'பேத்தி' என்னும் சொற்களே இந்த வழக்கத்தில் பிறந்தவை. தாத்தாவின் பெயரைத் தாங்கியவன் பெயரன். அதுவே பேச்சில் பேரன் ஆயிற்று. பெயர்த்தி, பேத்தி ஆனாள்.

இதில் ஒரு சங்கடமும் இருந்தது. மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்பது அக்காலத்துச் சட்டம். அந்தப் பெயரையே குழந்தைக்கு வைத்துவிட்டால் அதை எப்படிக் கூப்பிடுவது? ஆகையால் 'பாப்பா' என்றும், 'ராஜாத்தி' என்றும் வீட்டுப் பெயர் ஒன்று முளைக்கும். கொஞ்சம் துணிச்சலான மருமகளாயிருந்தால், மாமியார் காதில் விழும்படி குழந்தையைப் பெயர் சொல்லித் திட்டி மனத்தை ஆற்றிக்கொள்வதும் உண்டு!

இப்போது காலம் மாறிவிட்டது. எல்லாருக்கும் 'யாருக்குமே இல்லாத பெயர்' வேண்டியிருக்கிறது. இந்த ஆசையில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் எல்லாரும் ஒரே இடத்தில் தேடினால் என்ன ஆகும்? புஸ்தகத்தைப் புரட்டி, டெலிபோனைத் தடவி, அபூர்வமான பெயர் என்று ஒன்றைப் பிடித்து வைக்கிறோம். நாலு வருஷம் கழித்துப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டால், அதே வகுப்பில் அதே பெயரில் இன்னும் இரண்டு குழந்தைகள் உட்கார்ந்திருக்கின்றன!

உண்மையில் அபூர்வமான பெயருக்காக அவ்வளவு தூரம் அலைய வேண்டியதே இல்லை. அது நம் வீட்டிலேயே, பரண்மேல் இருக்கிறது. இதை எடுத்துச் சொல்ல ஓசூர் - கிருஷ்ணகிரி வட்டாரத்தைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது.

நாலு பாஷை, ஒரு தொட்டில்

1956-ல் மொழிவாரியாக ராஜ்யங்களைப் பிரித்தபோது ஓசூர் நம் பக்கம் நின்றது. பக்கத்து ஆனேக்கல் அந்தப் பக்கம் நின்றது. கோடு நிலத்தில்தான் விழுந்தது; வீடுகளுக்குள் விழவில்லை. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் ஒரே தெருவில் இன்றும் புழங்குகின்றன. 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்த பிறகு மதுரையிலிருந்தும் நெல்லையிலிருந்தும் கோவையிலிருந்தும் ஜனங்கள் வேலைக்கு வந்து குடியேறினார்கள். 2004-ல் கிருஷ்ணகிரி தனி ஜில்லா ஆயிற்று. 2019-ல் ஓசூர் மாநகராட்சியே ஆகிவிட்டது.

இப்படிப்பட்ட ஊரில் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அப்பா நெல்லைச் சீமைக்காரர், தொழிற்சாலையில் உத்தியோகம். அம்மா ஓசூர்ப் பெண். பிறந்த வீட்டில் தெலுங்கு. அம்மாவைப் பெற்ற பாட்டியோ ஆனேக்கல்லில் பிறந்து கன்னடம் பேசி வளர்ந்தவள். இந்த மூன்று பேருக்கும் நடுவில் தொட்டிலில் ஒரு பெண் குழந்தை. இதற்கு எந்தக் குடும்பத்தின் பெயரை, எந்தப் பாஷையில் சூட்டுவது?

போர்டுகள் சொல்லும் பாடம்

ஓசூர் தொழிற்சாலைகளின் வாசலில் உள்ள போர்டுகளைப் படித்துக்கொண்டே போனால், இதற்கு மூன்று வழிகள் கிடைக்கின்றன என்றால் நம்புவீர்களா?

முதலில் அசோக் லேலண்ட். 1948-ல் ரகுநந்தன் சரண் என்பவர் மோட்டார் கம்பெனி ஒன்றைத் தொடங்கியபோது, தம் மகன் அசோக்கின் பெயரை அதற்கு வைத்தார். 'அசோக் மோட்டார்ஸ்' 1955-ல் 'அசோக் லேலண்ட்' ஆயிற்று. 1980-ல் ஓசூரில் தொழிற்சாலை திறந்தது. ஒரு வீட்டுப் பையனின் பெயர் ஆயிரக்கணக்கான லாரிகளின் நெற்றியில் ஏறி ஊர் ஊராகப் போகிறது. பெயரை மாற்றாமல் அப்படியே கொடுப்பது முதல் வழி.

அடுத்தது டி.வி.எஸ். 1980-ல் நம் தெருக்களுக்கு வந்து சேர்ந்த டி.வி.எஸ். 50 வண்டி ஓசூரில் பிறந்ததுதான். ஆனால் அந்த 'டி' என்ற எழுத்து எங்கே பிறந்தது தெரியுமா? நெல்லைச் சீமையின் திருக்குறுங்குடியில்! 1911-ல் மதுரையில் தொழில் தொடங்கிய டி.வி. சுந்தரம் ஐயங்காரின் சொந்த ஊர் அது. ஊரை இனிஷியலில் முடிந்து வைத்துக்கொள்வது இரண்டாவது வழி. குழந்தையின் பெயர் எவ்வளவு புதிதாக இருந்தாலும், முன்னால் நிற்கும் ஓர் எழுத்து பூர்வீகத்தைக் காப்பாற்றிவிடும்.

மூன்றாவது டைட்டன். 1984-ல் டாட்டா நிறுவனமும் தமிழ்நாட்டுச் சர்க்காரின் டிட்கோவும் கூட்டுச் சேர்ந்து தொடங்கிய கடிகாரக் கம்பெனி. டாட்டா இண்டஸ்ட்ரீஸ் என்பதிலிருந்து பாதி, தமிழ்நாடு என்பதிலிருந்து பாதி எடுத்து இந்தப் பெயரைக் கோத்தார்கள் என்று சொல்வார்கள். பிள்ளை வீடும் பெண் வீடும் சண்டை போடாமல் ஆளுக்குப் பாதி கொடுத்த மாதிரி! இரண்டு குடும்பப் பெயர்களை இணைப்பது மூன்றாவது வழி.

தொரப்பள்ளித் தாத்தா

இந்த மூன்றாவது வழிக்கு அழகான உதாரணம் ஓசூருக்குப் பக்கத்துக் கிராமத்திலேயே இருக்கிறது. தொரப்பள்ளியில் 1878-ல் பிறந்தவர் ராஜாஜி. அவருடைய முழுப்பெயர் சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரி. சக்கரவர்த்தி என்பது குடும்பப் பெயர். இவ்வளவு நீளமான பெயரைத் தூக்கிக்கொண்டு அவர் சிரமப்படவில்லை. 'ராஜாஜி' என்று மூன்றே எழுத்தில் உலகம் அதைச் சுருக்கிக்கொண்டது.

அவருடைய பெண்களில் ஒருவர் பெயர் நாமகிரி. கேட்டவுடன் நாமக்கல் மலையும் நாமகிரித் தாயார் சந்நிதியும் கண்முன் வரும். இன்னொரு பெண் லட்சுமி. அவர் 1933-ல் காந்தியடிகளின் மகன் தேவதாஸைக் கலியாணம் செய்துகொண்டார். தமிழும் குஜராத்தியும் சம்பந்தி ஆயின. 1935-ல் அந்தத் தம்பதிக்குப் பிறந்த பிள்ளையின் பெயர் ராஜ்மோகன். ராஜகோபாலாச்சாரியில் உள்ள 'ராஜ்', மோகன்தாஸில் உள்ள 'மோகன்' இரண்டும் அந்தப் பெயரில் கைகோத்து நிற்பதைப் பாருங்கள்! 1945-ல் பிறந்த கடைக்குட்டி கோபாலகிருஷ்ணனின் பெயரிலும் ஓசூர்த் தாத்தாவின் 'கோபால' ஒளிந்திருக்கிறது.

இரண்டு பெயர்களை இணைப்பது என்றால் இப்படி இணைக்க வேண்டும். சேர்ந்து வரும் பெயருக்குத் தனியாக ஓர் அர்த்தம் இருக்க வேண்டும். காதுக்கும் இனிமையாக இருக்க வேண்டும். அப்பா பெயரில் முதல் எழுத்து, அம்மா பெயரில் கடைசி எழுத்து என்று வெட்டி ஒட்டினால் மருந்துப் பெயர் மாதிரி ஏதாவது வந்து நிற்கும். குழந்தை ஆயுசுக்கும் அர்த்தம் சொல்லி மாளாது.

மலை தந்த பெயர்கள்

இந்த எல்லைப்புறத்தில் பழைய பெயர் ஒன்றைச் சொன்னால், அந்தக் குடும்பம் எந்த மலையைக் கும்பிட்டது என்று சொல்லிவிடலாம். மாதையன், மாதம்மாள் என்றால் காவேரிக்கு அப்பால் உள்ள மாதேஸ்வரன் மலை. நஞ்சப்பா, நஞ்சம்மா என்றால் மைசூருக்குப் பக்கத்து நஞ்சன்கூடு. திம்மராயன், திம்மக்கா என்றால் திருப்பதி; அந்தப் பெருமாளைக் கன்னடக்காரர்கள் திம்மப்பன் என்று சொந்தம் கொண்டாடுவார்கள். பேட்டராயன் என்றால் தேன்கனிக்கோட்டை. மரகதம் என்றால் ஓசூர் மலைமேல் சந்திரசூடேசுவரரோடு வீற்றிருக்கும் மரகதாம்பாள்.

ஆனால் இன்று நகரத்தில் மாதம்மாள் என்று குழந்தைக்குப் பெயர் வைக்க நமக்குத் தயக்கமாக இருக்கிறது. "ஐயையோ, பட்டிக்காட்டுப் பெயர்! பள்ளிக்கூடத்தில் கேலி செய்வார்கள்" என்கிறோம்.

பட்டிக்காட்டுப் பெயர்கள் எங்கே போயிருக்கின்றன என்பதையும் கொஞ்சம் பார்க்கலாம். கர்நாடகத்தில் ஹுலிகல்லுக்கும் குதூருக்கும் இடையே சாலையோரம் நூற்றுக்கணக்கான ஆலமரங்களைப் பெற்ற குழந்தைகளைப்போல் வளர்த்தவர் பெயர் திம்மக்கா. 2019-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அட்டப்பாடி மலையில் ஆடு மேய்த்துக்கொண்டு பாடிய பெண்மணி ஒருவர், 2022-ல் அறிவித்த தேசிய திரைப்பட விருதுகளில் சிறந்த பின்னணிப் பாடகி ஆனார். அவர் பெயர் நஞ்சம்மா. இந்தப் பெயர்களைக் கேட்டு இன்று யாராவது சிரிப்பார்களா?

பெயரால் மனிதருக்குப் பெருமை வருவதுபோல, மனிதரால் பெயருக்குப் பெருமை வருவதும் உண்டு. 1792 முதல் 1799 வரை இந்தப் பாராமகால் சீமையில் அதிகாரியாயிருந்தவர் தாமஸ் மன்றோ. பிறகு அவர் ஆந்திரப் பக்கத்து ஜில்லாக்களை நிர்வாகம் செய்தபோது, ஜனங்கள் அவர்மேல் கொண்ட அன்பினால் தங்கள் குழந்தைகளுக்கு 'மன்றோலப்பா' என்று பெயர் வைத்தார்களாம். வெள்ளைக்காரத் துரையின் பெயருக்கும் ஓர் 'அப்பா'வைச் சேர்த்துத் தங்கள் வீட்டுப் பிள்ளையாக்கிக் கொண்டுவிட்டார்கள்!

இன்னும் பின்னால் போக விரும்புகிறவர்களுக்கு அதியமான் இருக்கிறான். தகடூரை, அதாவது இன்றைய தருமபுரியை, ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி. ஔவையின் நண்பன். புலவர்கள் பாடிய இந்தப் பெயர், திருக்கோயிலூர் வட்டாரத்து ஜம்பையில் 1981-ல் கண்டெடுத்த பழைய கல்வெட்டிலும் இருந்தது. அவன் குலத்தில் வழங்கிய பெயர் எழினி. அவன் மகன் பெயர் பொகுட்டெழினி. ஒரு காலத்தில் வேல் பிடித்த ஆண்பிள்ளைகளின் பெயர் இன்று பெண் குழந்தைகளுக்கு அழகான பெயராகிவிட்டது.

அரசர்களுக்கு மட்டும்தான் கல்வெட்டு என்பதில்லை. செங்கம் பக்கத்து எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. மாடுகளை மீட்கப் போய் உயிர்விட்ட வீரனோடு அவனுடைய நாயையும் செதுக்கி, அதன் பெயரையும் எழுதி வைத்திருக்கிறார்கள். கோவிவன் என்பது அந்த நாயின் பெயர். ஆயிரத்து நானூறு வருஷம் ஆகியும் அது அழியவில்லை.

அண்டாவில் இருந்த பாட்டி

இப்போது உங்களை ஒரு கேள்வி கேட்கிறேன். கோபித்துக்கொள்ளக் கூடாது. உங்கள் பாட்டியைப் பெற்ற அம்மாளின் பெயர் என்ன?

பத்துப் பேரில் ஒருவர் சட்டென்று சொன்னால் ஆச்சரியம்தான். தாத்தாவின் அப்பா பெயர் தெரியும். நிலப் பத்திரத்தில் இருக்கிறது, இனிஷியலில் இருக்கிறது, கலியாணப் பத்திரிகையில் இருக்கிறது. அந்தத் தாத்தாவுக்கு வாழ்க்கைப்பட்டு, ஏழெட்டுப் பிள்ளைகளைப் பெற்று, வீட்டையும் மாட்டையும் கட்டிக் காத்தவளின் பெயரை எங்கே எழுதி வைத்தார்கள்? பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: அவள் சீராகக் கொண்டுவந்த பித்தளை அண்டாவிலும் குடத்திலும். பிறகு வந்தது எவர்சில்வர் காலம். பழைய பித்தளையை எடைக்குப் போட்டுவிட்டுப் பளபளவென்று புதுப் பாத்திரம் வாங்கினோம். அண்டாவோடு அந்த அம்மாளின் பெயரும் உருகிப்போயிற்று. ஒரு நாயின் பெயரைக் கல்லில் காப்பாற்றிய நாட்டில் பெற்ற பாட்டியின் பெயரைக் காப்பாற்றத் தவறினோம்.

ஆகையால்தான் சொல்கிறேன்: பெயர் தேடுகிறவர்கள் முதலில் பரணில் ஏறுங்கள். மிச்சமிருக்கும் பித்தளைப் பாத்திரங்களின் விளிம்பைத் துலக்கிப் பாருங்கள். பழைய கிரயப் பத்திரங்கள், மொய் நோட்டு, கலியாணப் பத்திரிகைகள், போட்டோக்களின் பின்பக்கம் எல்லாவற்றையும் புரட்டுங்கள். தெலுங்குக் குடும்பமானால் 'இண்டி பேரு' என்ன என்று கேளுங்கள். பல வீடுகளில் அது பூர்வீக ஊரின் பெயராக இருக்கும். வீட்டில் வயதான அத்தையோ பெரியம்மாவோ இருந்தால் ஒரு சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து, உறவினர் பெயர்களையெல்லாம் சொல்லச் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள். அம்மா வழி, அப்பா வழி இரண்டையும் எழுத வேண்டும். நாற்பது ஐம்பது பெயர்கள் தேறும். அவற்றில் இரண்டு மூன்றாவது, இன்று உங்கள் தெருவில் ஒருவருக்கும் இல்லாத பெயராயிருக்கும். ஜாதகப்படி முதலெழுத்துப் பார்க்கிறவர்களும் (ரோகிணிக்கு ஓ, வ, வி, வு என்பதுபோல்) அந்த எழுத்தை இந்தப் பட்டியலிலேயே தேடலாம்.

பழைய பெயர் அப்படியே வைக்கக் கனமாக இருந்தால் உருவத்தை மாற்றி அர்த்தத்தை வைத்துக்கொள்ளலாம். நஞ்சுண்டவர்தானே நீலகண்டர்? ஆகவே நஞ்சம்மாவின் பேத்தி நீலா ஆகலாம். மரகதம்மாவின் பேத்தி மரகதா ஆகலாம். ஊர் வேண்டாம், ஆறு வேண்டும் என்கிறவர்களுக்கும் வழி இருக்கிறது. நந்தி மலையில் பிறந்து ஓசூர்ப் பக்கமாக நம் நாட்டுக்குள் வருகிற ஆற்றை அந்தப் பக்கத்தில் தட்சிண பினாகினி என்பார்கள். இந்தப் பக்கத்தில் தென்பெண்ணை என்போம். இரு பாஷை வீட்டில் பிறந்த பெண்ணுக்குப் பினாகினி என்ற பெயர் எவ்வளவு பொருத்தம்!

வாய்ப் பரீட்சை

பெயரைத் தேர்ந்தெடுத்தாயிற்று. முடிவு செய்வதற்கு முன் ஒரு பரீட்சை வைக்க வேண்டும். வீட்டில் உள்ள எல்லாரையும் அந்தப் பெயரைச் சொல்லி மூன்று தடவை கூப்பிடச் சொல்லுங்கள்.

யாழினி, எழினி என்று நமக்கு எவ்வளவு இனிமையாக இருக்கிறது! ஆனால் ஆனேக்கல் பாட்டி என்ன செய்வாள்? பழைய கன்னடத்திலும் பழைய தெலுங்கிலும் ழகரத்துக்கு எழுத்து இருந்தது. அது எப்பொழுதோ வழக்கொழிந்து போயிற்று. அவள் ஆசையோடு 'எளினி' என்றுதான் கூப்பிடுவாள். இங்கிலீஷில் ழகரத்துக்கு 'இஸட்', 'எச்' என்று எழுதுவதால், வடக்கத்தி ஆசிரியை அதை 'எஜினி' என்று படித்தாலும் படிப்பாள். மறுபக்கம், தமிழ் எழுத்துக்கும் ஒரு குறை உண்டு. தீபா என்று எழுதினால் த, ப இரண்டையும் எப்படி உச்சரிப்பது என்று எழுத்து சொல்லாது. நெல்லைத் தாத்தா ஒருவிதமாகவும் ஓசூர்ப் பாட்டி ஒருவிதமாகவும் சொல்வார்கள்.

இதற்காக ழகரப் பெயரே கூடாது என்று சொல்லவில்லை. பாட்டி 'எளினி' என்று கூப்பிட்டால் அதைச் செல்லப் பெயராக ஏற்றுக்கொள்ள மனம் இருக்கிறதா, குழந்தை ஆயுள் முழுவதும் பொறுமையாக உச்சரிப்புச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்குமே, சம்மதமா என்று முன்கூட்டியே யோசித்துக்கொள்ளச் சொல்கிறேன். அவ்வளவுதான்.

ஆபீஸ் சங்கதி

கடைசியாகக் கொஞ்சம் சர்க்கார் விஷயம். பிறந்த 21 நாட்களுக்குள் பிறப்பைப் பதிவு செய்துவிட வேண்டும். அதற்குள் பெயரும் முடிவாகிவிட வேண்டும் என்று பதறாதீர்கள். பெயர் இல்லாமலே பதிவு செய்யலாம். ஒரு வருஷத்துக்குள் கட்டணம் இல்லாமல் பெயரைச் சேர்க்கலாம்; அதற்குப் பிறகும் 15 வருஷம் வரை தாமதக் கட்டணம் செலுத்திச் சேர்க்க இடமுண்டு. ஆகையால் ஆஸ்பத்திரியில் யாரோ அவசரப்படுத்தினார்கள் என்று வாயில் வந்த பெயரை எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை.

ஆனால் எழுதிக் கொடுத்த பிறகு அலட்சியம் கூடாது. 2023 அக்டோபர் 1-ந் தேதிக்குப் பின் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளியில் சேரவும் பாஸ்போர்ட்டு வாங்கவும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம் என்று சட்டம் ஆகிவிட்டது. அதில் உள்ள எழுத்தே கடைசிவரை வரும். எண்ஜோதிடம் பார்த்து இங்கிலீஷ் எழுத்தை ஒன்றுக்கு இரண்டாகச் சேர்ப்பவர்கள், ஒவ்வொரு சான்றிதழிலும் அந்த எழுத்தைத் தப்பாமல் எழுதவைக்கும் பொறுப்பைக் குழந்தையின் தலையில் வைக்கிறார்கள் என்பதை மறக்கக் கூடாது. பிறகு மாற்ற வேண்டுமானால் கெஜட்டில் வெளியிட வேண்டும், அலைச்சல்.

இன்னொன்று. குடும்பப் பெருமை முழுவதையும் ஒரே பெயரில் மூட்டை கட்டி ஏற்றிவிடாதீர்கள். ஆறு வயதில் அந்தக் குழந்தை அதைத் தன் கையால் எழுத வேண்டும். விளையாட்டு மைதானத்தில் தோழிகள் அதைக் கத்திக் கூப்பிட வேண்டும். ஒரு பெயர், ஓர் அர்த்தம், முடிந்தால் ஊருக்கு ஓர் இனிஷியல் போதும்.

பெயர் வைத்த அன்றே ஒரு காரியம் செய்யுங்கள். இந்தப் பெயர் யாருடையது, அவள் எந்த ஊரில் பிறந்தாள், எந்த மலையைக் கும்பிட்டாள், என்ன பாஷை பேசினாள் என்பதை அரைப் பக்கம் எழுதிப் பிறப்புச் சான்றிதழோடு சேர்த்துப் பெட்டியில் வையுங்கள். பரணில் தேடியெடுத்த அந்த ஐம்பது பெயர்களையும் கீழே எழுதுங்கள். பாட்டிமார் பெயர்களை முதலில் எழுதுங்கள். இருபத்தைந்து வருஷம் கழித்து அந்த வீட்டில் இன்னொரு தொட்டில் ஆடும்போது, பெயர் தேடி ஒருவரும் வெளியே அலைய வேண்டியிராது.